டாஸ், விண்டோஸ் 95 இயங்குதளங்களில் நிரல் வெளியீட்டைக் கைப்பற்றுதல்: தமிழ்ச் சொல்லடைவாக்கத்தை முன்வைத்து

சொல்லடைவாக்கத்தில் ஒரு நிரல் உரையைச் சொற்களாகப் பிரிக்கும். மற்றொரு நிரல் அவற்றை எண்ணும். முன்னதன் வெளியீடு பின்னதைப் பழுதின்றிச் சென்றடைந்தால்தான் கிடைக்கும் எண்ணிக்கை நம்பத்தக்கதாகும். 1990களில் எழுதப்பட்ட தமிழ்க் கருவிகளை இன்று மீண்டும் இயக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

டக்ளஸ் மெக்கில்ராய் 1964இல் முன்மொழிந்த கருத்தைக் கென் தாம்சன் 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'குழாய்' என்னும் வசதியாக நிறைவேற்றினார். அங்கு இரு நிரல்களும் ஒரே காலத்தில் இயங்கும். 1983இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 2.0 பதிப்பும் குழாய்க்குரிய '|' குறியை ஏற்றது. எனினும் டாஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலையே இயக்கவல்லது. ஆதலின் முதல் நிரல் முடியும்வரை அதன் வெளியீடு வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் தேங்கும். பின்னரே இரண்டாம் நிரல் அதனைப் படிக்கும்.

தாமிரபரணிப் பாசனம் இவ்வேறுபாட்டை விளக்கப் பொருந்தும். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாயிலிருந்து நேரே பாயும் நீர் யூனிக்ஸின் குழாய்க்கு ஒப்பாகும். அக்கால்வாயால் நயினார்குளத்தில் தேங்கி, மடை திறந்தபின் வயலுக்குச் செல்லும் நீர் டாஸின் முறைக்கு ஒப்பாகும். குளத்து நீரை அளந்து பார்க்க இயலும் என்பதே ஆய்வாளர்க்கு ஆதாயம். '|' குறியை இட்டால் தற்காலிகக் கோப்பு இறுதியில் அழிக்கப்படும். '>' குறியை இட்டுப் பெயருடைய கோப்பில் சேமித்தால், இடைநிலைத் தரவு சரிபார்ப்புக்குரிய சான்றாக எஞ்சும். டாஸ் சூழலில் இதுவே தக்கது.

அவ்வாறு சேமித்தாலும் பிழைச் செய்திகள் தொல்லை தரும். டாஸின் கட்டளைச் செயலிக்கு அவற்றைத் தனியே திசைமாற்றும் வசதி இல்லை. பிழைச் செய்தி திரைக்கு மட்டும் சென்றால், பாதியில் நின்ற சொற்பட்டியல் முழுமையானதாகத் தோன்றும். வெளியீட்டோடு கலந்தால், அச்செய்தியும் சொல்லாக எண்ணப்படும். திரை நினைவகத்தில் நேரடியாக எழுதும் நிரல்களின் வெளியீட்டையோ இம்முறையால் கைப்பற்றவே இயலாது.

விண்டோஸ் 95 நிரல்களுக்கிடையே உண்மையான குழாயை அமைத்துத் தந்தது. ஆயினும் அதன் வழியாகப் பழைய டாஸ் நிரலை இயக்கும்போது, அந்நிரல் முடிந்த பின்னரும் குழாயின் எழுதுமுனை மூடப்படாமல் இருக்கக்கூடும். அழைத்த நிரல் முடிவின்றிக் காத்திருக்கும். இடையே ஒரு சிறு 32 பிட் நிரலை அமர்த்துவது இதற்குரிய தீர்வாக மைக்ரோசாப்ட் நிறுவனத்தால் பரிந்துரைக்கப்பட்டது.

வெளியீட்டைத் துண்டு துண்டாகப் படித்து ஒருங்குறிக்கு மாற்றுகையில் தமிழுக்கே உரிய இடர் ஒன்று எழுகிறது. திஸ்கி குறியாக்கம் எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கிறது. 'கொற்கை' என்னும் சொல்லின் முதலெழுத்து ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று பைட்டுகளாகும். ககரத்தோடு ஒரு துண்டு முடிந்தால் 'கெ' என ஒரு பிழைவடிவம் உருவாகும். அடுத்த துண்டு தனித்த காலுடன் தொடங்கும். ஊர்ப்பெயர் அடைவில் கொற்கைக்கு ஓர் எண்ணிக்கை குறைந்துவிடும். எனவே சொல்லிடைவெளி வரும்வரை எஞ்சிய பைட்டுகளை நிறுத்திவைத்து, அடுத்த துண்டுடன் இணைத்த பின்னரே மாற்றுதல் வேண்டும்.