வெல்லக் கொப்பரையும் உஷ்ணக் கணக்கும்

வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டில் ஏற்றிவைத்த தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையாது எரிந்து வருவதைக் கடலூர் மாவட்டத்தில் அறியாதார் இல்லை. பசித்தோர்க்குச் சோறு ஆக்கும் அவ்வடுப்பின் நெருப்பு வீணாவதில்லை. ஆனால் அவ்வூரைச் சூழ்ந்த குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் முதலிய கரும்புப் பகுதிகளிலும், பொதுவாக நம் நாட்டில் வெல்லம் காய்ச்சும் எவ்விடத்திலும், கொப்பரையின் கீழ் எரியும் நெருப்பில் பெரும் பாகம் ஒருவருக்கும் பயன்படாமல் புகையுடன் போய்விடுகிறது. சொந்தக் கரும்பின் சக்கை போதாமல் விறகு விலைக்கு வாங்கும் குடியானவருக்கு அது நேரான பணநஷ்டம். எவ்வளவு நஷ்டம், அதில் எவ்வளவு மீட்கத்தக்கது என்பதை அடுப்புக் கட்டுமுன்னரே கணக்கிட்டு அறியலாம். பெரிய ரசாயன ஆலைகளில் கையாளப்படும் இம்முறையைக் கொப்பரைக்கும் பொருத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சாற்றுக்கு வேண்டிய உஷ்ணம்

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையைச் சென்டிகிரேடு அளவில் ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய உஷ்ணத்தைக் கிலோ கலோரி என்பர். இங்கே அதனைச் சுருக்கமாக ‘அலகு’ என்று குறிப்போம். கொதிக்கும் நிலையிலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக மாற்ற 540 அலகுகள் வேண்டும்.

நூறு கிலோ கரும்பை ஆட்டினால் அறுபது கிலோ சாறு கிடைப்பதாகவும், அச்சாற்றில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு கரைந்த பொருள் இருப்பதாகவும் கொள்வோம். அதிலிருந்து ஏறத்தாழ 11 கிலோ வெல்லம் வரும். மீதமுள்ள 49 கிலோவும் ஆவியாகப் போகவேண்டிய நீரே. சாற்றை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 3,780 அலகுகளும், 49 கிலோ நீரை ஆவியாக்க 26,460 அலகுகளும் ஆக 30,240 அலகுகள் வேண்டும். எத்தகைய அடுப்பாயினும், எவர் காய்ச்சினும், திறந்த கொப்பரையில் இத்தொகை குறையாது.

இதனைக் குறைக்கும் வழி அடுப்பில் இல்லை, வயலில் இருக்கிறது. முதிராத கரும்பின் சாற்றில் கரைபொருள் நூற்றுக்குப் பதினாறாக இருக்குமானால், ஒரு கிலோ வெல்லத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட நீரை வற்றவைக்க வேண்டியிருக்கும். நன்கு முதிர்ந்து அது இருபதாக இருக்குமானால் நான்கு கிலோவுக்கும் சற்றுக் குறைவான நீரே வற்றவேண்டும். ஆகவே தக்க பருவத்தில் வெட்டுதல் வெல்லத்தை மிகுதியாக்குவதோடு எரிபொருளையும் சிக்கனப்படுத்தும்.

சக்கையிலுள்ள உஷ்ணம்

மேற்கூறிய நூறு கிலோ கரும்பில் நாற்பது கிலோ ஈரச்சக்கை மிஞ்சும். வெயிலில் நன்றாக உலர்த்தினால் அது ஏறக்குறைய 20 கிலோவாகும். நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரமுள்ள சக்கை கிலோவுக்குச் சுமார் 3,500 அலகுகள் தரும். பாதி ஈரமுள்ள சக்கையோ சுமார் 1,800 அலகுகளே தரும். ஆகவே உலர்ந்த சக்கையின் மொத்த உஷ்ணம் 70,000 அலகுகள். வேண்டுவதோ 30,240. அதாவது நூற்றுக்கு நாற்பத்துமூன்று பங்கு கொப்பரைக்குச் சென்றால் வெளியிலிருந்து ஒரு விறகும் வாங்கவேண்டியதில்லை. சக்கையை நன்கு உலர்த்தியும் அது போதவில்லையென்றால், அவ்வடுப்பு நூற்றுக்கு நாற்பத்துமூன்றுக்கும் குறைவாகவே உஷ்ணத்தைக் கொப்பரைக்குத் தருகிறது என்பது தெளிவு.

உஷ்ணம் போகும் வழி

சக்கை எரியும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் எட்டுக் கிலோ காற்று அடுப்பில் புகுவதாக வைத்தால் ஒன்பது கிலோ புகை உண்டாகும். அப்புகை ஒரு டிகிரி குளிர்வதற்குச் சுமார் இரண்டேகால் அலகு உஷ்ணத்தை விடும். சுவர் வழியாகவும் சாம்பலில் எரியாமல் நிற்பதாலும் ஐந்தில் ஒரு பங்கு நஷ்டமாகும் என்று கொண்டு, புகை எந்த வெப்பநிலையில் வெளியேறுகிறது என்பதற்கேற்ப அதே 60 கிலோ சாற்றைக் காய்ச்ச வேண்டிய சக்கையைக் கணக்கிட்டால் வருவன இவை:

புகை 700 டிகிரியில் வெளியேறினால் — 25 கிலோ சக்கை. கையிருப்பு 20 கிலோ; ஐந்து கிலோ பற்றாது.
புகை 500 டிகிரியில் வெளியேறினால் — 18 கிலோ சக்கை. கையிருப்பு அரிதிற் போதும்.
புகை 130 டிகிரியில் வெளியேறினால் — 12 கிலோ சக்கை. எட்டுக் கிலோ மிஞ்சும்.

சாறும் கொப்பரையும் சக்கையும் ஒன்றே. புகையின் வெப்பநிலை ஒன்றே வேறு. விறகு வாங்குவோரும் சக்கை விற்போரும் பிரிவது இவ்விடத்திலேதான்.

எல்லை எங்கே?

இனி, மீட்கத்தக்க உஷ்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டென்பதைக் காண்போம். பெருமாள் ஏரிப் பாசனத்தில் தலைமடைக்குப் பாய்ந்து வடிந்த நீர் கடைமடைக்குப் பயன்படும். கடைமடையின் வடிநீர் தலைமடைக்கு ஏறாது. உஷ்ணமும் அவ்வாறே மேலிருந்து கீழாகவே பாயும். கொதிக்கும் கொப்பரை 100 டிகிரியில் நிற்பது; அதற்கு மேற்பட்ட சூடுள்ள பொருளே அதற்கு உதவும். புதிதாக ஆட்டிய சாறு 30 டிகிரியில் நிற்பது; அது கடைமடை நிலம் போன்றது; பிறர் விட்ட இளஞ்சூடும் அதற்குப் போதும்.

கொப்பரையிலிருந்து எழும் ஆவியில் 26,460 அலகுகள் அடங்கியுள்ளன. இதனைக் கண்டு, இவ்வாவியைப் பிடித்துவிட்டால் விறகே வேண்டாமே என்று எண்ணத் தோன்றும். ஆனால் 100 டிகிரி ஆவியால் 100 டிகிரியில் கொதிக்கும் சாற்றைக் காய்ச்ச இயலாது. புதுச் சாற்றை மட்டும் சூடேற்றலாம். இடையே பத்து டிகிரி வேற்றுமை வைத்து 90 டிகிரி வரை ஏற்றினால் 3,240 அலகுகளே செல்லும். ஆவியிலுள்ளதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஏற்பாரில்லை. திறந்த கொப்பரையில் ஆவி காற்றோடு கலந்து குளிர்ந்துவிடுவதால் அதுவும் கைக்கு எட்டுவது அரிது.

அதே 3,240 அலகுகளைப் புகையிலிருந்து எளிதில் பெறலாம். கொதிக்கும் கொப்பரைகளைக் கடந்து 250 டிகிரி அளவில் வரும் புகையைப் புதுச்சாற்றுக் கொப்பரையின் கீழ் செலுத்தினால், அது 130 டிகிரிக்கு இறங்குவதற்குள் சாறு 90 டிகிரியை எட்டும். புகையை மேலும் குளிரவிட்டால் புகைபோக்கியின் இழுப்புக் குறைந்து அடுப்பு எரியாது. ஆகவே 12 கிலோ என்பதே இவ்வடுப்புக்குரிய இலக்கு. இதற்குக் கீழே போவதாகச் சொல்லி எவரேனும் அடுப்பு விற்க வந்தால், சுவர் நஷ்டத்தை எவ்வாறு குறைத்தீர் என்று முதலிற் கேட்கவேண்டும்.

ரசாயன ஆலைகளில் வகுத்த முறை

இக்கணக்கு முறை பெரிய ஆலைகளிலேயே உருப்பெற்றது. ரசாயன ஆலையில் குளிரவேண்டிய திரவங்களும் ஆவிகளும் பல. சூடேற வேண்டியனவும் பல. எதனோடு எதனைச் சேர்ப்பது என்று அநுபவத்தைக் கொண்டே முடிவு செய்துவந்தனர். 1971-ல் ஹோமன் என்பவர் அமெரிக்காவில் தம் ஆராய்ச்சியுரையில், யந்திரங்களை அமைக்குமுன்னரே குறைந்தபட்ச எரிபொருளைக் கணக்கிட இயலும் என்று காட்டினார். 1973-ல் எண்ணெய் விலை பன்மடங்காக ஏறியபின் இவ்விஷயத்தில் உலகெங்கும் கவனம் சென்றது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் போடோ லின்ஹாப் என்பவர் 1970-களின் பிற்பகுதியில் இதனை முழுமையான முறையாக வகுத்தார்.

அம்முறையில், குளிரவேண்டியன அனைத்தையும் சேர்த்து ஒரு கோடும், சூடேற வேண்டியன அனைத்தையும் சேர்த்து மற்றொரு கோடும் வரைவர். இரு கோடுகளையும் நெருக்கிக்கொண்டு வந்தால், ஓரிடத்தில் அவை குறித்த வேற்றுமை அளவுக்கு மிக அணுகி நிற்கும். அவ்விடத்தைப் ‘பிஞ்ச்’ என்பர். நாம் ‘இடுக்கு’ எனலாம். இடுக்குக்கு மேலே உஷ்ணம் பற்றாக்குறை, கீழே மிகுதி. ஆகவே மூன்று விதிகள் பிறந்தன: மேலுள்ள உஷ்ணத்தை இடுக்கைத் தாண்டிக் கீழே விடலாகாது, மேலே குளிர்நீரால் குளிர்விக்கலாகாது, கீழே புதிய எரிபொருளால் சூடேற்றலாகாது. வெல்லக் கொப்பரையில் இடுக்கு 100 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அடுப்பு வாயின் முதற் கொப்பரையில் பச்சைச் சாற்றை ஊற்றிக் கொழுந்துவிட்டெரியும் நெருப்பால் சூடேற்றுவது மூன்றாம் விதியை மீறுவதாகும்.

இரு பக்கத்துக்கும் இடையே விடும் வேற்றுமையைக் குறைத்தால் மீட்கும் உஷ்ணம் மிகும். ஆனால் உஷ்ணம் கடத்தும் தகட்டின் பரப்பும் விலையும் மிகும். விறகுச் செலவும் யந்திரச் செலவும் சேர்ந்து எங்கே மிகக் குறையுமோ அங்கே இலக்கை நிறுத்துவது அறிவுடைமை.

இடுக்கைக் கடந்த உபாயம்

அழுத்தத்தைக் குறைத்தால் நீர் தாழ்ந்த சூட்டிலேயே கொதிக்கும். வளிமண்டல அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கானால் 50 டிகிரியிலேயே கொதித்துவிடும். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவரான நார்பர்ட் ரில்லியூ 1843-ல் உரிமை பெற்ற ஆவியாக்கி இவ்வுண்மையைத் தழுவியது. முதற் கலத்தில் எழும் ஆவி அடுத்த கலத்தையும், அதன் ஆவி அதற்கடுத்த கலத்தையும் காய்ச்சும். ஒவ்வொன்றிலும் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். கடைமடையின் வடிநீருக்கு மேலும் தாழ்ந்த வயல்கள் உண்டாக்கியது போன்றது இது. ஐந்து கலங்கள் இருந்தால் ஒரு கிலோ நீராவி நான்கு முதல் ஐந்து கிலோ நீரை வற்றச்செய்யும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் சர்க்கரைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நெல்லிக்குப்பத்திலும், ஏனைய சர்க்கரை ஆலைகளிலும் சாறு வற்றுவது இத்தகைய கலங்களிலேயே. பழைய ஏற்பாடுள்ள ஆலைகளில் நூறு கிலோ கரும்புக்கு 50 கிலோ அளவில் நீராவி செலவாகும். இடையிலுள்ள கலங்களின் ஆவியைக் கொண்டே புதுச் சாற்றைச் சூடேற்றுமாறு ஒழுங்குசெய்த ஆலைகளில் அது 40 கிலோவுக்கும் கீழே இறங்கும். மிஞ்சும் சக்கை மின்சாரமாகிறது. அல்லது கரூர் மாவட்டத்துக் காகிதபுரம் ஆலையிற் போலக் காகிதமாகிறது.

இலக்கு வகுக்கும் இருவகை

இந்திய அரசாங்கம் 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றி, 2012 முதல் பெருந்தொழிற்சாலைகளுக்கு இலக்குகள் விதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆலை முன்பு செலவிட்ட அளவை அடிப்படையாக வைத்து, இத்தனை பங்கு குறைக்கவேண்டும் என்பது அவ்விலக்கு. இது கண்காணிப்புக்கு எளிது. ஆனால் சென்ற ஆண்டுச் செலவை மட்டும் பார்த்தால், மிக வீணடித்தவன் சிறிது திருந்தினாலும் பாராட்டுப் பெறுவான். முன்பே சிக்கனமாயிருந்தவன் இடர்ப்படுவான். உஷ்ணக் கணக்கு அவ்வாறன்று. அது சென்ற ஆண்டைக் கேளாது. பொருளின் இயல்பையே கேட்கும். கிராமத்தில் பத்து அடுப்புகள் இருந்தால் பத்துக்கும் ஒரே அளவுகோல் அதுவே.

செய்யத்தக்கவை

1. ஒருநாள் முழுவதும் கரும்பு, சாறு, வெல்லம், எரித்த சக்கை, விறகு ஆகிய ஐந்தையும் தராசில் நிறுத்து எழுதிவைக்க வேண்டும். இதற்குச் செலவில்லை.

2. புகைபோக்கியின் அடியில் உலோகத் தண்டுள்ள வெப்பமானியைச் செருகிப் புகையின் சூட்டை அறியவேண்டும். ஊருக்கு ஒன்று வாங்கினால் எல்லோருக்கும் போதும். கிராம அதிகாரிகள் இதற்கு முன்னிற்றல் நலம்.

3. சக்கையைப் பரப்பி, உலர்ந்தபின் மழைபடாது அடுக்கி வைக்கவேண்டும். அடுப்பு வாயும் வெடிப்புகளும் வழியாக வேண்டாத காற்றுப் புகாதபடி மண்பூச வேண்டும். மிகைக் காற்று முழுவதும் சூடேறி வீணே வெளியேறும்.

4. ஒற்றைக் கொப்பரை வைத்திருப்போர், அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடையே புகைவழியை நீட்டி இரண்டாம் கொப்பரை ஒன்றை ஏற்றவேண்டும். புதுச்சாறு புகைபோக்கிப் பக்கத்தில் ஊற்றப்பட்டு நெருப்பை நோக்கி நகரவேண்டும். இலட்சுமணபுரி எனப்படும் லக்னௌவிலுள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டும் மூன்றுமாகக் கொப்பரைகள் வைத்த அடுப்புகளை வகுத்துள்ளனர்.

5. பழைய டயர், பிளாஸ்டிக் முதலியவற்றை எரித்தல் அறவே கூடாது. அப்புகை உண்பொருளையும் காய்ச்சுவோரின் நுரையீரலையும் கெடுக்கும். அடுப்பு செம்மையாயின் அவற்றின் தேவையே எழாது.

நாளொன்றுக்கு ஐயாயிரம் கிலோ கரும்பு ஆட்டும் இடத்தில், 25 கிலோ என்னும் நிலையிலுள்ள அடுப்பு நாளொன்றுக்கு 250 கிலோ சக்கைக்கு ஈடான விறகை வாங்கிக்கொண்டிருக்கும். இலக்கை எட்டிய அடுப்பிலோ 400 கிலோ உலர்சக்கை மிஞ்சும். அதை எருக்குழிக்கோ விலைக்கோ அனுப்பலாம். பாதி வழி சென்றாலும் விறகு வாங்குவது நிற்கும். இவ்வாண்டு அடுப்பைப் புதுப்பிக்க எண்ணுவோர், கொத்தனாரை அழைக்குமுன் தம் கொப்பரைக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக. இலக்கை அறிந்தபின் கட்டும் அடுப்பே பல பருவங்களுக்கு விறகுச் செலவைக் குறைக்கும்.