சில்லுகளின் கால்கள் வளையாமல் வருவதற்கு

ஆந்திரப் பிரதேசத்தின் தென்பகுதியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சத்தியவேடு. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. வேளாண்மையையே பெரிதும் நம்பியிருந்த இப்பகுதியில் 2008-இல் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் உருப்பெறத் தொடங்கியது. 2015-இல் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலையில் கைப்பேசிகள் இணைக்கப்படலாயின. அங்குப் பணியாற்றியோரில் பெரும்பான்மையினர் பெண்கள். 2023-இல் டைக்கின், புளூ ஸ்டார் ஆகிய நிறுவனங்களின் குளிர்சாதனக் கருவி ஆலைகளும் இங்கு இயங்கத் தொடங்கின.

தொடக்க ஆண்டுகளில் நமது நாட்டில் இணைக்கப்பட்ட கைப்பேசிகளுக்கான மின்சுற்றுப் பலகைகள், சில்லுகள் பொருத்தப்பட்ட நிலையிலேயே பெரும்பாலும் இறக்குமதியாயின. அத்தகைய பலகைகளுக்கு நடுவண் அரசு 2018 ஏப்ரலில் 10 சதவீதச் சுங்கவரி விதித்தது. அதன் பின்னர் சில்லுகளைப் பலகையில் பொருத்தும் பணி சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பகுதிகளிலும் பிற இடங்களிலும் விரிவடைந்தது. இதனால் வேலைவாய்ப்புப் பெருகியது. கூடவே, அதுவரை அயல்நாட்டு ஆலைகளின் கவலையாக இருந்த ஒன்று நம்முடையதாயிற்று: பொருத்தப்படாத சில்லுகளைக் கால்கள் வளையாமல் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்பதே அது.

சில்லு என்று நாம் காண்பது கருநிறப் பிளாஸ்டிக் உறையையே. உண்மையான சிலிக்கன் துண்டு அதனுள் அடங்கியிருக்கிறது. உறையின் ஓரங்களிலிருந்து வெளிவரும் உலோகக் கால்கள்தாம் அதனை வெளியுலகுடன் இணைக்கின்றன. பழைய வகைச் சில்லுகளில் இரு கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர் தொலைவு இருந்தது. அக்கால் சற்றே வளைந்தாலும் விரலால் நிமிர்த்திப் பலகையின் துளையில் செருகிவிடலாம். இன்று குளிர்சாதனக் கருவிகள், சலவை இயந்திரங்கள் போன்றவற்றின் கட்டுப்பாட்டுப் பலகைகளில் இடம்பெறும் நாற்புறக் கால் கொண்ட சில்லின் நிலை வேறு. 14 மில்லிமீட்டர் சதுர உறையில் பக்கத்துக்கு 25 வீதம் 100 கால்கள். ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அரை மில்லிமீட்டர். காலின் தடிப்போ தலைமயிரைப் போல் இரண்டு மடங்கு.

இக்கால்கள் துளைக்குள் செல்வதில்லை. பலகையின் மேற்பரப்பில் பூசப்பட்ட பற்றாசுப் பசையின் மீது நிற்கின்றன. அப்பூச்சின் கனம் ஏறக்குறைய 0.12 மில்லிமீட்டர். ஆகவே நூறு கால்களும் ஒரே சமதளத்தில் அமைதல் வேண்டும். இதில் ஏற்கத்தக்க வேறுபாடு பொதுவாக 0.08 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு கால் அதனினும் உயர்ந்து நின்றால் பசையைத் தொடாது போகலாம். பக்கவாட்டில் சாய்ந்தால் அடுத்த காலுடன் குறுக்கிணைப்பு நேரலாம். இவற்றைவிடத் தொல்லை தருவது அரைகுறையாகத் தொட்டு நிற்கும் கால். ஆலையின் சோதனையில் அது தேறிவிடும். வாங்கியவர் வீட்டில் சில மாதங்கள் கழித்துக் கருவி நின்றுபோகும். வளைந்த காலை நிமிர்த்தி எடுப்பதும் தீர்வாகாது. உலோகம் தளர்ந்து, மேற்பூச்சில் வெடிப்பு விழுந்து, காலும் உறையும் சேரும் இடத்தில் ஈரம் புக வழி ஏற்படலாம்.

தட்டும் நாடாவும்

இதற்கெனத் தொழில் உலகம் கண்ட வழிகள் எளியவை. முதலாவது குழல். சில்லின் உடலைத் தாங்கி, கால்கள் சுவரில் உரசாதபடி அமைந்த நீண்ட பிளாஸ்டிக் குழலில் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரு முனைகளிலும் அடைப்பான் உண்டு. ஆயினும் குழலில் இடைவெளி இருந்தால் பயணத்தில் சில்லுகள் முன்னும் பின்னும் ஓடி மோதும். அவ்வாறு உரசும்போது நிலைமின்னும் தோன்றும். அதனைத் தடுக்கும் பூச்சு நாளடைவில் தேய்ந்துவிடுவதால், பழைய குழலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது.

நாற்புறக் கால் சில்லுகளுக்கு ஏற்றது தட்டு. ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் நீளமும் 13.6 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இதன் புற அளவு உலகெங்கும் ஒன்றே. மேற்கூறிய சில்லுகள் ஒரு தட்டில் 90 அடங்கும். ஒவ்வொரு குழியின் நடுவிலும் உள்ள மேடை சில்லின் வயிற்றைத் தாங்குகிறது. கால்கள் எதையும் தொடாமல் தொங்கி நிற்கின்றன. ஒரு தட்டின் மேல் மற்றொன்றை அடுக்கும்போது மேல்தட்டின் அடிப்பாகமே கீழ்த்தட்டுக்கு மூடியாகிறது. உச்சியில் ஒரு காலித் தட்டு வைத்து, அடுக்கு முழுவதும் வாரால் கட்டப்படும். வாரை அளவுக்கு மீறி இறுக்கினால் தட்டு வளையும்; தளர்த்தினால் சில்லு குழியை விட்டு எழும்.

மூன்றாவது, குழிகள் வார்க்கப்பட்ட நாடா. குழியில் சில்லை இட்டு, மெல்லிய மேலுறை ஒட்டிச் சுருளாகச் சுற்றுவார்கள். பொருத்தும் இயந்திரம் அம்மேலுறையை உரித்தவாறே சில்லை எடுத்துக்கொள்ளும். 12 மில்லிமீட்டரும் அதற்குச் சற்று அகலமானதுமான நாடாக்களில் உரிக்கும் விசை 10 கிராம் எடைக்குக் குறையாமலும் 130 கிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. ஒட்டு மிகுந்தால் நாடா அதிர்ந்து சில்லு துள்ளும். குறைந்தால் வழியிலேயே உறை திறந்துகொள்ளும். கோடையில் கொள்கலனின் உள்வெப்பம் வெளிவெப்பத்தை விஞ்சும் என்பதால், சென்னைத் துறைமுகங்களின் வழியாக வரும் சரக்குக்கு இது சிறிய செய்தி அன்று.

ஈரம் நேரடியாகக் காலை வளைப்பதில்லை. ஆனால் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சினால், பற்றவைக்கும் வெப்பத்தில் அது ஆவியாகி உறையைப் பிளக்கும். ஆகவே தட்டுகளும் சுருள்களும் ஈரம் புகாத பையில், நீர் உறிஞ்சும் பொட்டலத்துடன் அடைக்கப்படுகின்றன. பெரும்பான்மையாகக் காணப்படும் ஒரு வகைச் சில்லு, பை திறந்தபின் 30 டிகிரி செல்சியசும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 168 மணி நேரம் தாங்கும். வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியும் அருகிலிருக்கும் சத்தியவேட்டின் இயல்பான காற்று இதனினும் ஈரமானது. காலம் கடந்த சில்லுகளை 125 டிகிரியில் உலர்த்த வேண்டும். அதற்கான தட்டுகள் அவ்வெப்பத்தைத் தாங்கும், நாடா தாங்காது. சுருளிலிருந்து தட்டுக்கு மாற்ற முற்பட்டால், இதுவரை யாரும் தொடாத கால்களைக் கை தொடும். மீண்டும் மீண்டும் உலர்த்தினாலோ கால்களின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பற்றாசு ஒட்ட மறுக்கும்.

உண்மையில் லாரியின் குலுக்கலைவிடக் கிடங்கின் மேசையையே அஞ்ச வேண்டும். எண்ணிக்கை சரிபார்க்கப் பையைக் கிழிப்பது, தட்டை ஒரு கையால் தூக்குவது, பாதி தீர்ந்த சுருளைத் தளர்வாகச் சுற்றி அலமாரியில் செருகுவது ஆகியவை கணக்கேட்டில் ஏறாத சேதங்கள். சில்லை எடுக்க வேண்டியிருந்தால் வெற்றிட முனையால் உடலைப் பற்றி எடுத்தல் வேண்டும். இடுக்கியால் காலைப் பற்றலாகாது. கை தவறி விழுந்த தட்டின் சில்லுகளை மீண்டும் அடுக்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாதிருக்கும் தொழிலாளியைக் குறைகூறுவதில் பயனில்லை. அதைச் சொன்னால் கூலி குறையாது என்ற உறுதியை நிர்வாகம் முதலில் தர வேண்டும்.

சில்லுகளுக்கு உறையிடும் தொழில் நமக்கு முற்றிலும் புதிதன்று. மறைமலை நகரில் ஸ்பெல் நிறுவனம் நெடுங்காலமாக அப்பணியைச் செய்து வந்துள்ளது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் நிறுவனத்தின் ஆலைக்கு 2023-இலும், ஆந்திரப் பிரதேசத்தில் ஏஎஸ்ஐபி நிறுவனத்தின் உறையிடும் ஆலைக்கு 2025 ஆகஸ்டிலும் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. இவ்வாலைகளிலிருந்து சில்லு புறப்படும்போதே தட்டும் நாடாவும் தேவைப்படும். பிளாஸ்டிக் வார்ப்பு நமது சிறுதொழில்கள் நன்கறிந்த கலை. எனினும் வாளி வார்ப்பவர் உடனே தட்டு வார்த்துவிட முடியாது. கரித்தூளோ கரி இழையோ கலந்த பிளாஸ்டிக், தட்டு முழுவதும் ஒரே சீராக நிலைமின்னைக் கடத்த வேண்டும்; 125 டிகிரி உலைக்குள் சென்று வந்தபின்னும் சமதளம் குலையாதிருக்க வேண்டும். அச்சுகளைச் செய்யும் பட்டறையும் அளந்து சான்றளிக்கும் சோதனைக்கூடமும் அருகருகே அமைந்தால்தான் சிறு உற்பத்தியாளர் ஒருவர் இதில் துணிந்து இறங்க இயலும்.