விஷமுறிவு மருந்துக்குப் பின்னால் இருக்கும் கைகள்

பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்து மூன்று விலங்குகளைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது. விஷம் தருவது பாம்பு. அந்த விஷத்தைச் சிறுகச் சிறுக உடம்பில் வாங்கி, குருதியில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவது குதிரை. தயாரான மருந்து விஷத்தை முறிக்கிறதா என்று தன் உயிரால் காட்டுவது சுண்டெலி. நாட்டுக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியிலிருந்து போகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோய், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு ஆட்டம் கண்டது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் அங்கே அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்களுக்குள் சில முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த மூன்று விலங்குகளும் நம் சட்டத்தின் பார்வையில் ஓரிடத்தில் நிற்பதில்லை. பாம்பு வனத்துறையின் பொறுப்பு. உயிர் காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்க வனவிலங்குச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். குதிரையும் எலியும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவின் கீழ் வருகின்றன. அந்தக் குழுவுக்கு வேராக இருக்கும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும் இதே கடற்கரைக்கும் உறவு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து இந்தச் சட்டத்துக்கு வழி திறந்தவர். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆக, நம்மிடம் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விலங்கின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பதை அந்தச் சட்டம் சரியாகப் பார்க்கவில்லை என்பதே என் வாதம். சோதனை செய்ய விரும்பும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நெறிக்குழு வைத்தாக வேண்டும். அதில் விஞ்ஞானிகளுக்கும், கால்நடை மருத்துவருக்கும், விலங்குக் கூடத்தின் பொறுப்பாளருக்கும், வெளியிலிருந்து வரும் சமூக அக்கறையாளருக்கும் இடம் உண்டு. தினமும் தீனி வைத்துக் கூண்டைக் கழுவுகிற பராமரிப்பாளருக்கென்று ஓர் இடம் கிடையாது.

பிரிட்டனில் அப்படியில்லை. அங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கூடத்திலும் விலங்குப் பராமரிப்புக்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். நெறிக்குழுவிலும் அவர் உட்காருகிறார். இத்தகைய மாற்றங்களுக்குப் பின்புலமாக இருந்தவை பல நாட்டுத் தொழில்முறை அமைப்புகள். அமெரிக்காவில் 1950இல் சிகாகோ பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் சிலர் தொடங்கிய சங்கம், பின்னாளில் அமெரிக்க ஆய்வக விலங்கு அறிவியல் சங்கமாக வளர்ந்து, கூண்டு கழுவுபவருக்கும் படிப்படியான தேர்வும் சான்றிதழும் தந்தது. 1956இல் ஆய்வக விலங்குகளுக்கான சர்வதேசக் குழு வந்தது. 1978இல் இத்துறையின் ஐரோப்பியச் சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. விலங்குக்குப் பதில் வேறு வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வலி என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் எழுதிய மூன்று நெறிகளைச் சோதனைக்கூடத்துப் பழக்கமாக மாற்றியதில் இந்தச் சங்கங்களின் பயிற்சி வகுப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று போதும். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் நெடுங்காலமாகப் பல ஆய்வகங்களின் வழக்கம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வாலைப் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்தினாலோ ஒரு சிறு குழாய்க்குள் ஏறவைத்து எடுத்தாலோ எலியின் பதற்றம் வெகுவாகக் குறைவதைக் காட்டியது. பதறுகிற உடம்பிலிருந்து கிடைக்கும் அளவீடுகளும் தடுமாறும். எந்த நெறிக்குழுவின் தாளிலும் இந்த வேறுபாடு தானாக ஏறாது. எலியைத் தூக்குகிறவருக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

இந்த ஆய்வக விலங்குச் சங்கங்கள் விலங்குச் சோதனைக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்கே இருக்கின்றன என்று விலங்கு உரிமைக்காரர்கள் சொல்வதுண்டு. அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. சோதனை செய்பவர்களின் சந்தாவில்தான் பல சங்கங்கள் நடக்கின்றன. ஆனால் விஷமுறிவு மருந்தின் வீரியத்தை எலி இல்லாமல் சோதனைக்குழாயில் அளக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை காண வேண்டியவர்களும் அதே துறைக்காரர்கள்தான். அந்த விடை வரும்வரை கூண்டுக்குள் இருக்கும் எலியை யாரோ ஒருவர் கையிலெடுத்தாக வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கேள்வி இன்னும் கடுமையானது: 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது, இத்தனை சாவுக்கு நடுவில் எலியின் பதற்றத்தைப் பேசலாமா? பேசத்தான் வேண்டும். மெலிந்த குதிரையும் நோயுற்ற பாம்பும் நம்பகமான மருந்தைத் தருவதில்லை. குப்பிக்குக் குப்பி தரம் மாறினால் அதை அனுபவிப்பவர் வயலில் கடிபட்டுக் கிடக்கும் கூலித்தொழிலாளி.

இருளர்களின் அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது, அதற்குச் சான்றிதழ் எதற்கு என்றும் கேட்கலாம். அந்த அறிவுக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பானைக்குள் பாம்பு எத்தனை நாள் தாங்கும், எந்தப் பருவத்தில் பிடிக்கக் கூடாது என்பதை அன்றாட வேலையில் பார்ப்பவர்கள் அவர்கள். பாம்புகளை நிரந்தரமாக வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் பதிவேடு வைத்து விஷம் எடுப்பதையே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் விரும்புகிறது. வடநெம்மேலியின் முறை அதிலிருந்து வேறுபடுவது உண்மை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற பேச்சில் இருளர்கள் வெறும் சரக்கு தருபவர்களாக நின்றால் அந்தப் பேச்சு பாதிதான்.

இந்தியாவிலும் ஆய்வக விலங்கு அறிவியலுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அது தன் உறுப்பினர் பட்டியலை வடநெம்மேலிக்கும் குதிரைக் கொட்டடிகளுக்கும் நீட்ட வேண்டும்; பராமரிப்பாளருக்குத் தமிழில், தெலுங்கில், மராத்தியில் பயிற்சி தர வேண்டும்; நெறிக்குழுவில் அவருக்கு ஓர் இடம் கேட்டு அரசை வற்புறுத்த வேண்டும். மலைப்பாம்புகள் பெருகித் தவித்த ஃபுளோரிடா மாநிலம் 2017இல் இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் செங்கல்பட்டு வட்டாரத்திலிருந்து வரவழைத்து அவர்களிடம் கற்றுக்கொண்டது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் சமூகத்திலிருந்து ஒருவரைத் தம் அடுத்த மாநாட்டில் பேச அழைக்க நம் விஞ்ஞானிகள் கடல் தாண்ட வேண்டியதில்லை.