இரு வழியில் வந்த லத்தீன்

தமிழகத்தின் தென்மேற்கு எல்லையிலுள்ள களியக்காவிளையில் நாகர்கோவில் பேருந்தை விட்டிறங்கித் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறுவோர், தமிழும் மலையாளமும் கலந்த தம் பேச்சின் நடுவே, பண்டைய ரோமாபுரியின் மொழியாகிய லத்தீனையும் தம்மை அறியாமலே பேசுகின்றனர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாகவும், பின்னர் கற்றோர் நூல்கள் வழியாக நேராகவும் லத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் குவிந்தமையின், ஆங்கிலச் சொற்களைக் கடன்வாங்கிய தமிழிலும் அவை புகுந்தன.

அவற்றுள் விந்தையானது 'பஸ்'. பிரான்சின் நாந்த் நகரில் 1820-களில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர், கட்டணம் தரும் எவரும் ஏறக்கூடிய குதிரை வண்டிகளை ஓட்டியபோது, 'அனைவருக்கும்' எனப் பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல் அவற்றுக்குப் பெயராயிற்று. 1829-இல் ஜார்ஜ் ஷில்லிபியர் அதே பெயரில் லண்டனில் வண்டி ஓட்டினார். மக்கள் வாயில் அது 'பஸ்' எனக் குறுகியது. இச்சொல்லில் பொருள் தாங்கும் பகுதி 'ஆம்னி'. 'பஸ்' என்பதோ தமிழின் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' செய்யும் வேலையைச் செய்யும் ஈறு மட்டுமே. பகுதி உதிர்ந்து உருபு மட்டும் சாலையில் ஓடுகிறது எனலாம். தனியார் தொலைதூர வண்டியை 'ஆம்னி பஸ்' என்னும் தமிழக வழக்கு, பிரிந்த தலையையும் வாலையும் மீண்டும் ஒட்டிவிட்டது. கேரளப் பேருந்தின் 'சூப்பர் ஃபாஸ்ட்' என்ற பெயரில் முன்சொல் லத்தீன், பின்சொல் ஜெர்மானியம். 'கண்டக்டர்', 'டிரைவர்' ஆகிய இரண்டிற்கும் இடையிலும் அதே வேறுபாடு உண்டு.

ஆங்கிலத்துக்கு முன்பே கடல்வழியாகவும் லத்தீன் இவ்வட்டாரத்தை அடைந்திருந்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும், 1544-இல் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் சமயப் பணியாற்றியதும், லத்தீனின் மகள்மொழியாகிய போர்த்துகீசியத்துக்கு வாயில் திறந்தன. குமரி மாவட்டத்தின் தெருமுனைக் குருசடியிலுள்ள, சிலுவையைக் குறிக்கும் 'குருசு', லத்தீன் 'க்ருக்ஸ்' போர்த்துகீசியம் வழியே பெற்ற வடிவம். சொல்முதலில் நின்ற 'கிள' என்னும் ஒலி போர்த்துகீசியத்தில் பலவிடத்தும் சகரமாக மாறுவதால், திறவுகோலைக் குறித்த லத்தீன் 'கிளாவிஸ்' அங்கே 'சாவே' ஆகி, தமிழில் 'சாவி' ஆயிற்று. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடும் 'கான்கிளேவ்' என்ற சொல்லில் அதே சாவி பழைய ஒலியோடு இருக்கிறது.

இவ்வாறு ஒரே வேர் இரு வழியிலும் வந்து, உறவு தெரியாத உடன்பிறப்புகளாக நிற்பதும் உண்டு. 'ஆசான், தலைவன்' எனப் பொருள்படும் 'மாகிஸ்தர்', போர்த்துகீசியத்தில் 'மெஸ்த்ரே' ஆகிக் கட்டடம் கட்டும் மேஸ்திரியைத் தந்தது. ஆங்கிலத்தில் 'மாஸ்டர்', 'மிஸ்டர்' என உருமாறியதோடு, நீதிமன்றத்து மாஜிஸ்திரேட்டையும் தந்தது. இவருள் மூத்தவர் மேஸ்திரிதான் என்பதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லத் துணிவு வேண்டும். செபமாலையை மலையாளத்தில் 'கொந்த' என்பர். அது எண்ணுவதற்குரிய மணியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லாகும். எண்ணுதலைக் குறித்த லத்தீன் 'கோம்புதாரே' அதன் மூலமாதலின், 'கவுண்ட்', 'கம்ப்யூட்டர்' ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கும் அது உறவு.

எனினும் போர்த்துகீசியர் தந்தவை யாவும் லத்தீன் அல்ல. அன்னாசி தென்னமெரிக்கப் பழங்குடியினரின் சொல். மீன் சந்தைகளில் கூவப்படும் 'ஏலம்' அரபியிலிருந்து போர்த்துகீசியத்துக்குச் சென்று, அங்கிருந்து தமிழுக்கு வந்தது.