டாக்டருக்கும் ஒரு நாள்



மாட்டுக்குக்கூட ஒரு பொங்கல் வைத்திருக்கிறோம். டாக்டருக்கும் ஒரு நாள் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூலை முதல் தேதிதான் அது. 1991-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் டாக்டர்கள் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

கல்கத்தாவில் பெயர்பெற்ற மருத்துவராயிருந்த டாக்டர் பிதான் சந்திர ராய் பிறந்தது 1882 ஜூலை 1. காலமானதும் 1962-இல் அதே ஜூலை 1. 1948 முதல் இறக்கும்வரை மேற்கு வங்காளத்தின் முதலமைச்சராக இருந்தார். 1961-இல் பாரத ரத்னா விருது பெற்றார். முதலமைச்சரான பிறகும் அவர் நோயாளிகளை விட்டுவிடவில்லை. காலை வேளையில் ஏழை எளியவர்களைக் காசு வாங்காமல் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் முதலமைச்சர் வேலைக்குப் போவாராம்.

சரி, அந்த நாளில் நாம் என்ன செய்வது? மாலை போடலாம், எலுமிச்சம்பழம் கொடுக்கலாம். தப்பில்லை. ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கிடையாது. நன்றி என்று சொல்லி யார் கையிலும் நோட்டைத் திணிக்காதீர்கள்.

பிரசவம் நல்லபடியாக முடிந்ததும் "நீங்க சாமி மாதிரி, டாக்டரம்மா!" என்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ருபெல்லா ஊசிக்கு ஆளைக் காணோம்! நர்ஸம்மா வீடு தேடி வந்து கேட்டால், "போன ஊசிக்கே புள்ளைக்குக் காய்ச்சல் வந்துடுச்சும்மா" என்று பதில். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் லேசாகக் காய்ச்சல் வருவது சகஜம். நர்ஸம்மா சொல்லும் அளவில் மருந்து கொடுத்தால் போதும். ஆனால் தட்டம்மை வந்தால் அதோடு நிமோனியாவும் சேர்ந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாவது தவணை 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். அதையும் விடக்கூடாது.

காசநோய்க்காரர்கள் கதையும் இதுதான். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், உடம்பில் சதை பிடிக்கும். "எனக்குத்தான் குணமாயிடுச்சே" என்று நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி பழைய மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிக் கிளம்பக்கூடும். அப்புறம் வேறு மருந்து, வேறு அவஸ்தை. வீட்டில் உள்ளவர்களுக்கும் அதே கிருமி தொற்றலாம்.

இன்னொன்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்த கஷாயம், எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைத்துவிடுகிறோம். திட்டுவார் என்று பயம். சில டாக்டர்கள் திட்டவும் செய்வார்கள், அதை இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்லிவிடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரியாமல் அவர் எழுதும் மருந்து உங்களுக்கே கேடாகலாம்.

வருகிற ஜூலை முதல் தேதி அலமாரியைத் திறந்து குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அடுத்த தடுப்பூசி நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையோடு வந்துவிடுங்கள். தேதி தவறிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். பாதியில் நின்ற மாத்திரை இருந்தால் அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு அதையும் கொண்டுவாருங்கள்.