இணையச் சட்டங்களும் சொற்பொருள் வரையறையும்

ஐக்கிய நாடுகள் அவையின் ஆணையம் 1996-இல் வகுத்த மின்வணிக மாதிரிச் சட்டத்தை அடியொற்றி, இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடப்புக்கு வந்தது. மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பளிப்பதே அதன் தலையாய நோக்கம். இணையம் பொதுமக்களின் உரையாடற் களமாக வளர்ந்தபின், ஆள்மாறாட்டம், மிரட்டல், அந்தரங்க மீறல் ஆகியவற்றைத் தடுக்கும் தேவை எழுந்தது. 2008-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இதற்கெனப் புதிய பிரிவுகளைச் சேர்த்தது. அவற்றுள் இரண்டனை ஒப்பிடுவது மொழியாய்வாளர்க்குப் பயன்தரும்.

66ஈ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படம்பிடிப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. 'படம்பிடித்தல்', 'வெளியிடுதல்', 'அந்தரங்கப் பகுதி' ஆகிய சொற்களுக்கு அப்பிரிவே விளக்கம் தருகிறது. 66அ பிரிவோ, மிகவும் புண்படுத்தும் செய்தி, எரிச்சல் அல்லது இடையூறு விளைவிக்கும் நோக்குடைய செய்தி என்றெல்லாம் கூறி, அச்சொற்களை வரையறுக்காமல் விட்டது. இரண்டுக்கும் உச்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறையே. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று 66அ பிரிவை முற்றாக நீக்கியது. ஒருவரைப் புண்படுத்துவது மற்றொருவரைப் புண்படுத்தாமற் போகலாம் என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. எனினும், அப்பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்கு நடத்தலாகாது என 2022-இல் அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. 66ஈ பிரிவு இன்றும் நிலைத்துள்ளது.

இதில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு யாது? 1973-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்பேரில் அரசிதழில் வெளியாகும் மையச் சட்டத் தமிழாக்கம், அம்மொழியில் அதிகாரமுறைப் பனுவலாகவே கருதப்படும். ஆகவே ஈண்டுச் சொற்றேர்வு வெறும் நடை பற்றியதன்று. 'எரிச்சல்' என்பது பெறுபவரின் மனநிலையைச் சுட்டும்; 'தொல்லை' என்பது அனுப்புபவரின் செயலைச் சுட்டும். அவ்வாறே 'புண்படுத்தும்' என்பது கேட்பவரையும், 'இழிவான' என்பது செய்தியின் தன்மையையும் அளவுகோலாக்கும். ஒரு சொல்லை மாற்றினால், குற்றத்தை அளக்கும் இடமே மாறிவிடும்.

மூலம் தெளிவற்றிருப்பின், தமிழாக்கம் அதனைத் தானே தெளிவாக்க முற்படலாகாது. அது சட்டமியற்றும் அவையின் பணி. தெளிவின்மையைச் சுட்டிக்காட்டுவதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. ஒரு சொல்லின் மயக்கம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடும் என்பதை 66அ பிரிவின் வரலாறு உணர்த்துகிறது.