டயாலிசிஸ் தண்ணீரும் புதிய இயந்திரமும்

டயாலிசிஸ் பிரிவுக்கு உப்பு நீக்கும் புதிய இயந்திரம் வாங்கலாமே என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு மணி நேர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு சுமார் 120 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இரத்தத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான். ஆகவே கரைந்துள்ள உப்புகள் நீங்கவேண்டும். பழைய ரெசின் தொட்டியை அமிலமும் காஸ்டிக் சோடாவும் விட்டுக் கழுவவேண்டும். கை வெந்துபோகும் வேலை. 1987இல் சந்தைக்கு வந்த மின் அயனிநீக்க முறையிலோ, மின்சாரமே ரெசினைப் புதுப்பித்துவிடுகிறது. இதை நாங்கள் வரவேற்கிறோம்.

ஆனால் பாசியின் நஞ்சையும் இது நீக்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் அந்த நஞ்சு டயாலிசிஸ் தண்ணீரில் கலந்து 50க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். ஆதலால் இயந்திரத்துக்கு முன், கார்பன் வடிகட்டியை மாற்றவும் தண்ணீரை நாள்தோறும் பரிசோதிக்கவுமே உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம்.